பாட்டு நடுவுல நடுவுல நிக்குதா? புதுச்சேரி பழைய வீடுகளில் வயர்லெஸ் ஸ்பீக்கர் படுத்தும் பாடு... காரணம் என்ன, என்ன செய்யலாம்?

மாலை 7 மணி. புதுச்சேரி ஒயிட் டவுனில், சுஃப்ரேன் வீதிப் பக்கம் ஒரு பழைய வீடு என்று வைத்துக்கொள்வோம். வாசல் அறையில் ஃபைபர் இணைப்பின் ரூட்டர். இரண்டு அறை தள்ளி, உள் ஹாலில் ஆம்ப்ளிஃபையரும் ஒரு ஜோடி ஸ்பீக்கரும். மொபைலில் பாட்டைத் தொட்டால் ஸ்பீக்கரில் பாட வேண்டும், அவ்வளவுதான் எதிர்பார்ப்பு. பல்லவி ஒழுங்காக வருகிறது. சரணத்தில் அரை நொடி காணாமல் போகிறது. திரும்ப வருகிறது. அடுத்த பாட்டில் பத்து நொடி மௌனம்.

இந்தத் தொல்லை வந்ததும் வழக்கமாக நடப்பது என்ன தெரியுமா? முதலில் நெட் கம்பெனிக்கு போன். "ஸ்பீடு கரெக்டா வருதே சார்" என்று பதில். அடுத்து, 100 எம்பிபிஎஸ் திட்டம் 300 ஆகிறது. அதற்கடுத்து புது ஸ்பீக்கர். எதுவும் கேட்காமல் போனால் சுவரைத் துளைத்து வயர் இழுக்க ஆள் வருகிறார். பணம் போனது மட்டுமல்ல, தாத்தா காலத்துச் சுண்ணாம்புச் சுவரிலும் ஓட்டை. ஆனால் பெரும்பாலான வீடுகளில் கோளாறு ஸ்பீக்கரிலும் இல்லை, நெட் வேகத்திலும் இல்லை. இரண்டுக்கும் நடுவே, காற்றில் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கப் பைசா செலவில்லை. காது கொடுத்துக் கேட்டாலே பாதி தெரிந்துவிடும்.

எப்படி நிக்குதுன்னு முதல்ல கவனிங்க

பாட்டு 'கட்' ஆவதில் பல ரகம் உண்டு. கால் நொடி, அரை நொடி மட்டும் விக்கல் போல விட்டு, பாட்டு அந்த இடத்தைத் தாண்டி ஓடிக்கொண்டே இருந்தால், ரேடியோ அலை இடையில் அறுபடுகிறது என்று அர்த்தம். ப்ளூடூத்தில் அதிகம் வருவது இதுதான்.

பாட்டு முழுதாக நின்று, பத்துப் பதினைந்து நொடி கழித்து விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தால் கதை வேறு. ஸ்பீக்கரோ ஸ்ட்ரீமரோ முன்கூட்டி சேர்த்து வைத்திருந்த பாட்டுத் தரவு தீர்ந்துபோய், புதிதாக வருவதற்குக் காத்திருக்கிறது. வைஃபை அல்லது இணையத் தொடர்பு நீண்ட நேரம் தொங்கியிருக்கிறது.

ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டு தொடங்கும் இடத்தில் மட்டும் நிற்கிறதா? மொபைல் திரை அணைந்த சில நிமிடங்களில் நிற்கிறதா? அப்படியானால் சந்தேகம் ஆப் மேல் திரும்ப வேண்டும். நிறைய ஆண்ட்ராய்டு போன்களில் பேட்டரியை மிச்சப்படுத்துகிறேன் பேர்வழி என்று, பின்னணியில் ஓடும் ஆப்பை போனே தூங்க வைத்துவிடும். செட்டிங்ஸில் அந்த மியூசிக் ஆப்புக்கு மட்டும் பேட்டரி கட்டுப்பாட்டை நீக்கிவிட்டால் பல பேருக்குப் பிரச்னை அங்கேயே முடிந்துவிடும்.

சத்தம் சுத்தமாக நிற்காமல் 'கரகர', 'டப்' என்று இரைச்சலோடு போய் வந்தால் அது வயர்லெஸ் கோளாறே இல்லை. கடல் காற்று ஊரில் அதற்குத் தனிக் காரணம் இருக்கிறது, கடைசியில் பார்ப்போம்.

நெட் வேகத்தைக் கூட்டினால் சரியாகுமா?

ஆகாது. கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஸ்ட்ரீமிங் ஆப்களில் உயர்தரம் என்று தரப்படும் 320 கேபிபிஎஸ் பாட்டுக்கு நொடிக்கு 40 கிலோபைட் போதும். நாலு நிமிடப் பாட்டு மொத்தமே 10 எம்பிக்குள் அடங்கும். சிடி தரத்தில் கேட்டாலும் நொடிக்கு 44,100 மாதிரி, ஒவ்வொன்றும் 16 பிட், இடது வலது என இரண்டு சேனல். பெருக்கினால் 1.4 எம்பிபிஎஸ். 100 எம்பிபிஎஸ் இணைப்பில் இப்படி 70 பாட்டை ஒரே நேரத்தில் ஓட்டலாம். ஹை-ரெஸ் என்று விற்கப்படும் 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் கோப்பைச் சுருக்காமல் அனுப்பினாலும் 9.2 எம்பிபிஎஸ்தான்.

பாட்டுக்கு வேகம் பெரிதாகத் தேவையில்லை, சீராக வர வேண்டும். வாட்ஸ்அப் படம் இரண்டு நொடி தாமதமாக வந்தால் யாருக்கும் தெரியாது. பாட்டில் அரை நொடி தாமதம் காதில் குத்தும். ஸ்பீடு டெஸ்ட் காட்டுவது பத்து இருபது நொடி சராசரி. அந்தச் சராசரிக்குள் ஒளிந்திருக்கும் அரை நொடி ஓட்டை அதில் தெரியவே தெரியாது. நெட் கம்பெனிக்காரர் சொன்னது பொய்யில்லை, அவர் அளந்தது வேறு சமாச்சாரம்.

பாட்டு எந்த வழியாக வருகிறது?

பார்ப்பதற்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். மொபைலில் தொட்டால் ஸ்பீக்கரில் பாடும். ஆனால் உள்ளே மூன்று வெவ்வேறு பாதைகள்.

ப்ளூடூத்தில் பாட்டு முதலில் மொபைலுக்கு வந்து, அங்கிருந்து நேராக ஸ்பீக்கருக்குப் போகிறது. ரூட்டருக்கு இரண்டாம் கட்டத்தில் வேலையே இல்லை. வீட்டில் பயன்படும் சாதாரண ப்ளூடூத் கருவியின் சக்தி 2.5 மில்லிவாட் அளவுதான். திறந்த வெளியில் சுமார் 10 மீட்டர் எட்டும். நடுவில் கனமான சுவர் வந்தால் அதுவும் இல்லை.

ஏர்ப்ளேயில் பெரும்பாலும் போன் பாட்டை வாங்கி, வைஃபை வழியாக ரூட்டருக்கு அனுப்ப, ரூட்டர் அதைத் திரும்ப ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. அதாவது ஒரே பாட்டு ரூட்டரிலிருந்து போன், போனிலிருந்து ரூட்டர், ரூட்டரிலிருந்து ஸ்பீக்கர் என்று வீட்டுக்குள்ளேயே மூன்று முறை காற்றில் பறக்கிறது. போன் இருக்கும் இடத்தில் சிக்னல் மோசம் என்றாலும் பாட்டு நிற்கும், ஸ்பீக்கர் இருக்கும் இடத்தில் மோசம் என்றாலும் நிற்கும்.

ஸ்பாட்டிஃபை கனெக்ட், கூகுள் காஸ்ட் போன்றவற்றில் போன் வெறும் ரிமோட். எந்தப் பாட்டு என்று சொல்லிவிட்டு அது ஒதுங்கிக்கொள்ளும். ஸ்பீக்கரே இணையத்திலிருந்து பாட்டை நேராக எடுத்துக்கொள்ளும், சில நொடிகளுக்கான தரவை முன்கூட்டியே சேர்த்தும் வைத்துக்கொள்ளும். பழைய வீட்டில் இருப்பவர்களுக்கு இதுதான் தோது. ஒரே ஸ்பீக்கரில் ப்ளூடூத்தும் கனெக்ட் வசதியும் இருந்தும், பழக்கத்தில் ப்ளூடூத்தையே பயன்படுத்துபவர்கள் ஏராளம். அந்த ஒரு பழக்கத்தை மாற்றிப் பாருங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

சுவர்தான் வில்லன்!

லாஸ்பேட்டையிலோ ரெட்டியார்பாளையத்திலோ இருக்கும் புது ஃப்ளாட்டில் அறைகளுக்கு நடுவே இருப்பது பெரும்பாலும் நாலரை அங்குலச் சுவர், மிஞ்சினால் ஒன்பது அங்குலம். பிரெஞ்சுக் காலத்து வீடுகளில் கதையே வேறு. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் சேர்த்து, ஒன்றரை அடி, சில இடங்களில் அதற்கும் மேல் கனத்தில் எழுப்பிய சுவர்கள். வெயிலை உள்ளே விடாமல் இருக்கக் கட்டியவை. வெயிலைத் தடுக்கும் கனம் வைஃபையையும் விடுவதில்லை.

ரேடியோ அலை சுவருக்குள் போகும்போது அதன் சக்தி டெசிபல் கணக்கில் குறைகிறது. 3 டெசிபல் குறைந்தால் சக்தி பாதி. 10 டெசிபல் குறைந்தால் பத்தில் ஒன்று. 20 குறைந்தால் நூறில் ஒன்று. கனமான சுவர் இரண்டைத் தாண்டினால் என்ன மிச்சம் இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அலை சுவரை நேருக்கு நேர் கடக்காமல் சாய்வாகக் கடந்தால் இன்னும் மோசம். செங்குத்துக் கோட்டிலிருந்து 60 டிகிரி சாய்ந்து போனால், இரண்டடிச் சுவர் அலையின் கணக்கில் நாலடிச் சுவர். ரூட்டரை அறை மூலையில் வைப்பவர்கள் தெரியாமல் செய்யும் தப்பு இது.

5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்குச் சுவர் என்றால் அறவே ஆகாது. 2.4 கிகாஹெர்ட்ஸ் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். பழைய ஆட்களுக்கு ஒரு கேள்வி வரும்: "அப்போ புதுச்சேரி வானொலியோட 102.8 எஃப்எம் மட்டும் இதே வீட்டுக்குள்ள கணீர்னு வருதே?" நியாயமான கேள்விதான். எஃப்எம் அலையின் நீளம் சுமார் 3 மீட்டர், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் பன்னிரண்டரை சென்டிமீட்டர். நீள அலை சுவரைப் பற்றி அவ்வளவாகக் கவலைப்படாது. அனுப்பும் நிலையத்தின் சக்தியும் உங்கள் ரூட்டரோடு ஒப்பிடவே முடியாத அளவு பெரிது. தவிர, எஃப்எம் பலவீனமானால் இரைச்சல்தான் கூடும், பாட்டு ஓடும். டிஜிட்டலில் அந்தச் சமரசம் கிடையாது. வந்தால் முழுசாக வரும், வராவிட்டால் மௌனம்.

வில்லன் என்று சொல்லிவிட்டதால் வீட்டைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கால்வாய்க்கு மேற்கே, தமிழர் பகுதி வீடுகளைக் கட்டியவர்கள் வைஃபைக்காரர்களுக்கு ஒரு பெரிய உபகாரம் செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பாரம்பரிய வீடுகளைப் புதுப்பித்ததற்காக 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருதுகளில் பாராட்டு பெற்ற வைசியாள் வீதியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மாதிரி வீடுகளில் திண்ணை, தலைவாசல், நடை, முற்றம், பின்கட்டு எல்லாம் பெரும்பாலும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கும். வாசலில் நின்றால் கொல்லை தெரியும். கண்ணுக்குத் தெரியும் வழியில் ரேடியோ அலையும் போகும். ரூட்டரை அந்தக் கோட்டில், கதவுக்கு நேராக, தலைக்கு மேல் உயரத்தில் வைத்தால் சுவரோடு மல்லுக்கட்ட வேண்டியதே இல்லை. முற்றம் ஒன்று இருந்தால் இன்னும் நல்லது; ரூட்டர் முற்றத்தைப் பார்த்தபடி இருந்தால் சுற்றியுள்ள எல்லா அறைக்கும் திறந்த கதவு வழியாக அலை நுழையும்.

ஒயிட் டவுன் வீடுகளிலும் இதே தந்திரம் பலிக்கும். அறைகள் திறப்பது தாழ்வாரத்துக்கு. ஆளுயரத்துக்கும் மேலான மரக் கதவுகள், மரச் சட்டம் போட்ட ஜன்னல்கள். காய்ந்த மரம் அலையை அதிகம் தின்பதில்லை. ரூட்டரை அறைக்குள் பூட்டி வைக்காமல் தாழ்வாரத்தில் வைத்தால் சுவர் வழியாக அல்லாமல் கதவு வழியாகப் போகும். மாடிக்கும் பயப்பட வேண்டாம்: தேக்கு உத்திரத்தின் மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரையில் கம்பி கிடையாது. புது வீட்டின் கம்பி கட்டிய கான்கிரீட் தளத்தைவிட அது சாது.

எந்த வீடாக இருந்தாலும், ரூட்டருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் இரும்பு பீரோ, ஆளுயரக் கண்ணாடி, மீன் தொட்டி இருக்கிறதா என்று பாருங்கள். உலோகமும் கண்ணாடியின் பின்பூச்சும் அலையைத் திருப்பி அடிக்கும், தண்ணீர் உறிஞ்சிக்கொள்ளும்.

மழைக்காலத்துல மட்டும் அதிகமா நிக்குதே?

பிரமை இல்லை. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சி மெதுவாக வெளியேற்றும் தன்மை கொண்டது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வெளிச்சுவர்கள் வாரக்கணக்கில் ஈரமாகவே இருக்கும். ஈரமான செங்கல், காய்ந்த செங்கல்லைவிட அதிக அலையைத் தின்னும். சித்திரையில் எல்லைக்கோட்டில் ஓடிக்கொண்டிருந்த இணைப்பு நவம்பரில் படுத்துவிடுவது இதனால்தான். கதவுகளை மழைக்குச் சாத்தி வைப்பதும் சேர்ந்துகொள்ளும்.

இதை அளந்தே பார்க்கலாம். ஆண்ட்ராய்டு போனில் வைஃபை அனலைசர் வகை ஆப் ஒன்றைப் போட்டுக்கொண்டு, ஸ்ட்ரீமர் இருக்கும் அதே இடத்தில் போனை வையுங்கள். மைனஸ் 50 டிபிஎம் பக்கம் காட்டினால் பிரமாதம். மைனஸ் 67 வரை பாட்டுக்குத் தாராளம். மைனஸ் 75-ஐத் தாண்டினால் இன்றைக்கு ஓடும், நாளைக்கு நிற்கும். கதவைத் திறந்து ஒருமுறை, சாத்தி ஒருமுறை பாருங்கள். எண் பத்து குதித்தால் வில்லன் யார் என்று தெரிந்துவிட்டது.

சனி, ஞாயிறு மட்டும் நின்றால்?

அப்போது சந்தேகம் பக்கத்து வீடுகள் மேல். ஒயிட் டவுனில் ஏகப்பட்ட வீடுகள் இன்று தங்கும் விடுதிகளும் கஃபேக்களும். வார இறுதியில் ஊர் நிரம்பும்போது ஒவ்வொரு அறையிலும் நாலு போன், லேப்டாப், ப்ளூடூத் ஸ்பீக்கர். எல்லாம் பேசுவது ஒரே சிறிய அலைவரிசைப் பட்டையில்.

இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையை உரிமம் இல்லாமல் யாரும் பயன்படுத்தலாம் என்று மத்திய அரசு விதி கொண்டுவந்தது 2005 ஜனவரியில். அகலம் மொத்தமே 83.5 மெகாஹெர்ட்ஸ். அதற்குள் வைஃபை, ப்ளூடூத், வயர்லெஸ் கேமரா, மவுஸ் எல்லாம் அடக்கம். சமையலறை மைக்ரோவேவ் அடுப்பும் 2.45 கிகாஹெர்ட்ஸில்தான் வேலை செய்கிறது. லேசாகக் கசிந்தாலே அந்தச் சில நிமிடங்களுக்குப் பாட்டு திக்கும்.

இந்தப் பட்டையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றுதான்: 1, 6, 11. "யாரும் 3-ல இல்ல, நாம அங்க போயிடலாம்" என்று புத்திசாலித்தனமாக 3-ஐத் தேர்வு செய்தால், 1-ல் இருப்பவரோடும் 6-ல் இருப்பவரோடும் சேர்த்து மோதுவீர்கள். அனலைசர் ஆப்பிலேயே எந்தச் சேனலில் கூட்டம் குறைவு என்று தெரியும். ரூட்டர் செட்டிங்ஸில் சேனலை 'ஆட்டோ'விலிருந்து அந்த எண்ணுக்கு மாற்றி, சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் நிறுத்துங்கள். 40 என்று வைத்தால் வேகம் கூடும்போலத் தெரியும். நெரிசலான தெருவில் அது வம்பை விலைக்கு வாங்குவது.

5 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இடம் தாராளம். 2018 அக்டோபரில் வந்த விதியால் மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸ் உரிமமின்றித் திறந்துவிடப்பட்டது, 2.4-ஐப் போல ஏழு மடங்கு. ரூட்டரும் ஸ்ட்ரீமரும் ஒரே அறையிலோ, திறந்த கதவு வழியாகப் பார்த்துக்கொள்ளும்படியோ இருந்தால் 5-க்கு மாறிவிடுவதே மேல். கனமான சுவர் நடுவில் வந்தால் 2.4-லேயே இருந்து சேனலைச் சரிசெய்வதுதான் வழி.

'அதிக பவர்' என்று சொல்லி விற்கும் பெரிய ஆன்டெனா ரூட்டர்களை நம்பி இறங்க வேண்டாம். வைஃபை இருவழிப் பேச்சு. ரூட்டர் கத்துவது ஸ்ட்ரீமருக்குக் கேட்கலாம், ஸ்ட்ரீமர் முனகுவது ரூட்டருக்குக் கேட்க வேண்டாமா?

ப்ளூடூத்தே கதி என்றால்?

சிலரிடம் இருப்பது பழைய ஆம்ப், அதில் செருகிய சின்ன ப்ளூடூத் ரிசீவர். அதுவும் போதும், கொஞ்சம் பக்குவமாக வைத்துக்கொள்ள வேண்டும். ப்ளூடூத் ஒரே இடத்தில் நிற்பதில்லை. 79 சேனல்களுக்குள் நொடிக்கு 1,600 முறை தாவிக்கொண்டே இருக்கும், வைஃபை நெரிசல் உள்ள சேனல்களைக் கண்டுபிடித்து ஒதுக்கிவிடும். இப்படித் தாவும் யோசனைக்கு 1942-ல் அமெரிக்காவில் ஒரு காப்புரிமை பெற்றவர்கள் ஹாலிவுட் நடிகை ஹெடி லமாரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆன்டைலும். நீர்மூழ்கிக் குண்டுக்காகப் போட்ட திட்டம் அது. அதில் அவர்கள் குறிப்பிட்டது 88 அலைவரிசைகள், பியானோ கட்டைகளின் எண்ணிக்கை!

தாவினாலும் சுவரைத் தாண்டாது. போனும் ரிசீவரும் ஒரே அறையில் இருக்க வேண்டும். போனைப் பின் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு ஸ்பீக்கரைப் பார்த்து நின்றால் நடுவில் இருப்பது நீங்கள், அதாவது பெரும்பகுதி தண்ணீர். டேபிளில் வையுங்கள். ஆம்ப்பின் உலோகப் பெட்டிக்குப் பின்னால் ரிசீவர் ஒளிந்திருந்தால் ஒரு நீட்டிப்பு வயர் போட்டு முன்னால் கொண்டுவாருங்கள்.

ஆண்ட்ராய்டில் எல்டாக் கோடெக் இருந்தால் அதன் உச்ச அளவு 990 கேபிபிஎஸ், குறைந்த அளவு 330. சுவரோடு போராடும்போது 990-ஐப் பிடித்துத் தொங்குவதில் அர்த்தமில்லை. டெவலப்பர் ஆப்ஷன்ஸில் இணைப்பு நிலைக்கு முன்னுரிமை தரும்படி மாற்றினால் விக்கல் குறையும். காதுக்குத் தெரியும் வித்தியாசம் சொற்பம், பாதியில் நிற்கும் பாட்டோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

லேப்டாப்பிலோ ராஸ்பெரி பையிலோ பாட்டுச் சேமிப்பு வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். யுஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க்கும் அதன் வயரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் இரைச்சல் எழுப்பும் என்று இன்டெல் நிறுவனமே 2012-ல் ஆய்வறிக்கை வெளியிட்டது. டிஸ்க்கை ஓரடி தள்ளி வைத்தாலே சில வீடுகளில் வேலை முடிந்துவிடும்.

சுவரைத் துளைக்காமல் வயர் இழுக்க முடியுமா?

முடியும். எல்லாம் பார்த்தும் நின்றால் லேன் கேபிள்தான் கடைசி மருந்து. ஸ்ட்ரீமரில் லேன் துளை இருந்தால், நீளமான கேபிள் ஒன்றைத் தரையோடு தரையாகப் போட்டு ஒருநாள் கேட்டுப் பாருங்கள். நின்றுபோன பாட்டு ஓடினால் கோளாறு வைஃபையில்தான் என்பது உறுதி. அப்போதும் நின்றால் வைஃபை நிரபராதி. இணைய இணைப்பையோ ஆப்பையோ பாருங்கள். இந்த ஒரு சோதனை இல்லாமல் யாரும் புதுச் சாமான் வாங்கவே கூடாது.

லேன் கேபிள் 100 மீட்டர் வரை ஓடும், எந்த வீட்டுக்கும் போதும். சுண்ணாம்புப் பூச்சை வெட்டிக் குழாய் பதித்தால், பிறகு சிமென்ட் வைத்து அடைப்பார்கள். சிமென்ட் ஈரத்தை விடாது. சுற்றியுள்ள பழைய பூச்சு உப்புப் பூத்து உதிர ஆரம்பிக்கும். அதற்குப் பதில் தட்டையான லேன் கேபிள் வாங்கி, கதவு நிலையின் மேல்விளிம்பிலும் உத்திரத்தின் ஓரத்திலும் ஒட்டிக் கொண்டுபோகலாம். சில வீடுகளில் பழைய மின்வயருக்கு அடித்த மரப்பட்டி இன்னும் இருக்கும். மின்சாரம் போகாத பட்டி என்று எலக்ட்ரீஷியன் பார்த்துச் சொன்னால் அதன் மேலேயே ஓட்டலாம்.

கேபிள் வேண்டாம், மெஷ் வைஃபை போடுகிறேன் என்பவர்கள் இரண்டாவது பெட்டியை எங்கே வைக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சிக்னல் இல்லாத உள் அறையில் கொண்டுபோய் வைத்தால், அந்தப் பெட்டிக்கே சிக்னல் கிடைக்காது. அது யாருக்குக் கொடுக்கும்? முதல் பெட்டியையும் ஸ்பீக்கரையும் சேர்த்துப் பார்க்கும் இடத்தில், அதாவது நடுக் கதவின் அருகில், தாழ்வாரத்தில் வையுங்கள். மின்வயர் வழியாக இணையம் அனுப்பும் பவர்லைன் அடாப்டர்கள் பல பேஸ் பிரிந்த பழைய ஒயரிங்கில் ஒருநாள் போல ஒருநாள் இருக்காது. திருப்பிக் கொடுக்க முடியும் என்றால் மட்டும் வாங்கிப் பாருங்கள்.

தப்பு வீட்டிலேயே இல்லாத ஒரு கதை

2025 மார்ச் 9 வாக்கில் உலகம் முழுக்கப் பல வீடுகளில் ஒரே நேரத்தில் பாட்டு நின்றது. 2015-ல் வெளிவந்த, 2019 ஜனவரியில் தயாரிப்பு நிறுத்தப்பட்ட கூகுளின் குரோம்காஸ்ட் ஆடியோ என்ற வட்டமான சின்னக் கருவியும், இரண்டாம் தலைமுறை குரோம்காஸ்ட்டும் காஸ்ட் செய்ய மறுத்தன. பழைய ஆம்ப் வைத்திருப்பவர்களின் செல்லப்பிள்ளை அந்தக் கருவி. காரணம், உள்ளே இருந்த பத்து வருடம் செல்லுபடியாகும் டிஜிட்டல் சான்றிதழ் காலாவதியானது. சுவருக்கும் சம்பந்தமில்லை, ரூட்டருக்கும் சம்பந்தமில்லை. கூகுள் சில நாட்களில் சரிசெய்து அப்டேட் அனுப்பியது. ஆனால் பதறிப்போய் 'ஃபேக்டரி ரீசெட்' செய்தவர்களுக்குத்தான் கூடுதல் தலைவலி. கருவியைத் திரும்ப அமைக்க முடியாமல் மாட்டிக்கொண்டார்கள்.

நேற்று வரை ஓடிய கருவி திடீரென மொத்தமாக நின்றால், முதலில் அதே பிரச்னை மற்றவர்களுக்கும் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். ரீசெட் கடைசிப் படி.

ஸ்பீக்கர் பட்டியலிலேயே தெரியவில்லை என்றால் வேறொரு எளிய காரணமும் உண்டு. போன் 'கெஸ்ட்' வைஃபையில் இருக்கும், ஸ்பீக்கர் வீட்டு வைஃபையில் இருக்கும். இரண்டும் ஒன்றையொன்று பார்க்காதபடி ரூட்டரே தடுத்துவிடும்.

கடல் காற்றும் கறுத்த பின்னும்

இப்போது அந்த 'கரகர' சமாச்சாரம். கடற்கரைச் சாலையிலிருந்து நாலைந்து தெரு வரைக்கும் உப்புக் காற்று வீட்டுக்குள் வரும். ஆம்ப்புக்குப் பின்னால் சிவப்பு வெள்ளை ஆர்சிஏ பின்கள், ஹெட்போன் பின், ஸ்பீக்கர் வயர் முனை எல்லாம் மெல்லக் கறுக்கும், செம்பு பச்சை பூக்கும். ஆம்ப்பை அணைத்துவிட்டு, பின்னைப் பிடித்து இடவலமாக நாலு முறை திருகிச் செருகுங்கள். இரைச்சல் போனால் நோய் தெரிந்துவிட்டது. மின்னணுக் கடைகளில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனர் ஒரு டப்பா பல வருடம் வரும். ஸ்பீக்கர் வயர் முனை கறுத்திருந்தால் அரை அங்குலம் வெட்டி, புதுச் செம்பு தெரியும்படி சீவிப் பொருத்தினால் போதும்.

ரூட்டரின் 12 வோல்ட் அடாப்டரையும் விட்டுவிடக் கூடாது. வயதானால் வோல்டேஜ் தொய்யும், ரூட்டர் யாருக்கும் சொல்லாமல் தானே அணைந்து தானே எழும். வீட்டில் மோட்டார் போடும்போதோ, இன்வெர்ட்டர் மாறும்போதோ பாட்டு இரண்டு நிமிடம் காணாமல் போனால் அந்த நேரத்தில் ரூட்டரின் விளக்குகளைப் பாருங்கள். எல்லாம் அணைந்து ஒவ்வொன்றாக எரிந்தால், அதே வோல்ட், அதே ஆம்பியர் அளவுள்ள புது அடாப்டர் ஒன்று போதும். அலமாரிக்குள் பூட்டி வைத்த ரூட்டர் சூட்டிலும் இதையே செய்யும்.

இத்தனைக்கும் அடங்காமல் டெக்னீஷியனைக் கூப்பிடுவதாக இருந்தால், கூப்பிடுவதற்கு முன் ஒரு வாரம் ஒரு தாளில் குறித்து வையுங்கள்: எத்தனை மணிக்கு நின்றது, எத்தனை நொடி நின்றது, பாட்டு எந்த வழியாக வந்துகொண்டிருந்தது, கேபிள் போட்டபோதும் நின்றதா, ஸ்ட்ரீமர் இருக்கும் இடத்தில் டிபிஎம் எண் என்ன. அந்தத் தாளைக் காட்டினால் வந்தவர் முதலில் ரூட்டரை நகர்த்திப் பார்ப்பார். தாள் இல்லாவிட்டால் ட்ரில் மெஷினைத்தான் எடுப்பார்.